உடம்பு தன் சொந்த உறுப்பை எப்படி அடையாளம் காண்கிறது? என் மகளுக்கு ஏன் தவறியது?

தென்பெண்ணைக் கரை எழுதுகிறார்:

வணக்கம். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இரண்டு கறவை மாடுகள் இருக்கின்றன. முக்கால் ஏக்கரில் கேழ்வரகும் தக்காளியும் போடுகிறோம். வீட்டில் நான் தையல் வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது.

சித்திரைக் கடைசியில் அவள் இரவில் நான்கைந்து முறை எழுந்து சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டேன். குளியலறை மூலையில் எறும்பு சாரை சாரையாக மொய்த்தது. எறும்பு மருந்து வாங்கிப் போட்டேனே தவிர, அது எதைத் தேடி வந்தது என்று யோசிக்கவில்லை. மூன்று வாரத்தில் அவளுடைய பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நான்தான் இரண்டு முறை இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டாவது முறை தைத்தபோது விரற்கடை அளவுக்கு மேல் துணியை உள்ளே மடித்தேன். அந்த மடிப்பைக் கையில் பிடித்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு விடியற்காலையில் வாந்தி எடுத்தாள். மூச்சு இழுத்து இழுத்து வாங்கினாள். வாயில் அழுகிய பழ வாசனை. தருமபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 480. ஆறு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். முதல் வகை நீரிழிவு என்று சொன்னார்கள். அந்த மருத்துவர் என்னை உட்காரவைத்து, "இது நீங்கள் கொடுத்த எதனாலும் வரவில்லை. குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது" என்றார். அன்று நான் இருந்த நிலையில் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். எதிர்ப்புச் சக்தி உடம்பின் காவலாளி என்றுதான் பள்ளியில் படித்தோம். வீட்டு ஆள் யார், திருடன் யார் என்று அந்தக் காவலாளிக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒன்பது வருடம் கணையத்தை விட்டுவைத்துவிட்டு இந்த வருடம் ஏன் அடித்தது? எங்கள் மாமியார் மாம்பழத்தைச் சொல்கிறார். தோட்டத்துப் பக்கம் போனால் மல்கோவாவை விடமாட்டாள், உண்மைதான். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனம் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர் வெளியூர் வைத்தியரிடமிருந்து ஒரு பொடி வாங்கி வந்தார். மருத்துவமனையிலிருந்து வந்தபோது ஒரு நாளைக்கு 22 யூனிட் இன்சுலின். பொடி கொடுக்கத் தொடங்கியபின் சர்க்கரை தாழ்ந்துகொண்டே வந்தது, மருத்துவரும் குறைத்துக் குறைத்து இப்போது 9 யூனிட்டில் நிற்கிறது. இன்னும் ஒரு மாதத்தில் ஊசியையே விட்டுவிடலாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாந்தோப்பு எழுதுகிறார்:

சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

என் மகனுக்கு இதே நோய் வந்து பதினொரு வருடம் ஆகிறது. அவனுக்கும் இரண்டாம் மாதத்தில் யூனிட் பாதியாகக் குறைந்தது. நாங்கள் எந்தப் பொடியும் கொடுக்கவில்லை. நோய் தெரியவரும்போது கணையத்தில் கொஞ்சம் செல்கள் மிச்சம் இருக்கும், ஊசி தொடங்கியதும் அவற்றின் சுமை குறைந்து சில மாதம் நன்றாக வேலை செய்யும் என்று மருத்துவர் சொன்னார். அவர்களே இதைத் தேனிலவுக் காலம் என்றுதான் அழைக்கிறார்கள். நாள் கழித்து அந்த மிச்சமும் போய்விடும், யூனிட் மறுபடி ஏறும். அந்த நேரத்தில் பொடியை நம்பி ஊசியை விட்ட வீடுகளில் என்ன நடக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோன அந்த விடியற்காலை உங்களுக்கே தெரியும்.

நாற்பது மாமரம் வைத்திருப்பவன் நான். மாம்பழம் இந்த நோயைக் கொண்டுவராது. என் மகன் இன்றும் யூனிட் கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறான். போன ஆடியில் மின்சாரம் இரண்டு நாள் இல்லாதபோது மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றினோம். உங்கள் ஊரிலும் மின்வெட்டு உண்டென்றால் ஒரு பானை தயாராக இருக்கட்டும்.


ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் எழுதுகிறார்:

அம்மா, மனித வைத்தியம் நான் படித்தவனில்லை. ஆனால் உங்கள் முதல் கேள்விக்கு உலகத்துக்கு விடை கிடைத்தது மாட்டுக் கொட்டகையில்தான். மாடு வளர்ப்பவர் நீங்கள் என்பதால் உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஈற்றில் காளைக்கன்றும் கிடேரியும் சேர்ந்து பிறந்தால் அந்தக் கிடேரி சினை பிடிக்காது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்தில் ஒன்பதுக்கு அது சரி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், இரட்டையில் பிறந்த கிடேரியை ஊரில் நல்ல விலைக்கு விற்றுவிட்டார்கள், வாங்கியவர் இரண்டு வருடம் தீனி போட்டுவிட்டு என்னிடம் வந்து அழுதார். அதன் பிறகு இரட்டைக் கிடேரி பிறந்தது என்று கேள்விப்பட்டால் நானே போய்ச் சோதித்துவிடுவேன். விளக்கெண்ணெய் தடவிய மெல்லிய குழாயைப் பிறப்புறுப்பில் மெதுவாக விட்டால், நல்ல கிடேரியில் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கிலேயே நின்றுவிடும். குழாய் நிற்கும் இடத்தை விரலால் பிடித்து வெளியே எடுத்து விவசாயியின் கண்முன் காட்டுவேன்.

காரணம், வயிற்றில் இரண்டு கன்றுகளின் இளங்கொடியும் ஒட்டி, இரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. காளையின் சுரப்புகள் கிடேரிக்குப் போய் அதன் கருப்பையைக் கெடுக்கின்றன. கூடவே இரத்தமும் மாறுகிறது. 1945 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரே ஓவன் இதில்தான் கைவைத்தார். ஒரே ஈற்றில் இரண்டு வெவ்வேறு காளைகளுக்குப் பிறந்த இரட்டைக் கன்றுகளும் அவர் பார்வைக்கு வந்தன. ஒவ்வொரு கன்றின் உடம்பிலும் இரண்டு வகை இரத்த அணுக்கள் ஓடின. கன்று வளர்ந்து மாடான பிறகும் அப்படியே. கூடப்பிறந்ததன் செல்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறிக்கொண்டு இரத்தம் உண்டாக்கிக்கொண்டிருந்தன. அந்நிய இரத்தம் அது. உடம்பு அடித்து விரட்டியிருக்க வேண்டும், விரட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பர்னெட் என்ற விஞ்ஞானி 1949 இல் ஒரு முடிவுக்கு வந்தார். தன்னுடையது எது என்ற அறிவு உடம்புக்குப் பிறவியில் வருவதில்லை, கருவில் எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்கிறது என்றார். இங்கிலாந்தில் மெடாவர், உலகப்போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டி ஒட்டி அது நிற்காமல் உதிர்வதைப் பார்த்தவர், இரட்டைக் கன்றுகளில் ஒன்றின் தோலை மற்றதற்கு ஒட்டினார். ஒட்டிக்கொண்டது. 1953 இல் அவரும் இரண்டு துணைவர்களும் ஓர் இன எலியின் கருக்குட்டிக்கு வேறு இன எலியின் செல்களை ஊசியால் செலுத்தினார்கள். குட்டி வளர்ந்தபின் அந்த வேற்று இனத்தின் தோலை ஒட்டினால் ஏற்றுக்கொண்டது. 1960 இல் பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் நோபல் பரிசு. ஓவனுக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், இதை நான் எங்கும் சொல்வேன்.

யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கன்றுக்குட்டியில் அது கழுத்து நெடுக இறங்கியிருக்கும், நான் பிணக்கூறு செய்தபோது வெளிர்நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பார்த்திருக்கிறேன். குழந்தையில் பெரிதாக இருந்து, பருவ வயதுக்குப் பிறகு சுருங்கிக் கொழுப்பாகிவிடும். டி செல் என்ற காவல் அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்து இங்கே வந்து பாடம் படிக்கின்றன.

என்ன பாடம் என்று பட்டி நாயை வைத்துச் சொல்கிறேன். ஆடு மேய்ப்பவர்கள் நாய்க்குட்டியைக் கண் திறந்த சில நாளிலேயே பட்டிக்குள் விட்டுவிடுவார்கள். ஆட்டுக் குட்டிகளோடு படுத்து, அவற்றின் வாசனையிலேயே வளரும். பெரிதானபின் நரியைக் கடிக்கும், ஆட்டைத் தொடாது. பட்டியில் இருக்கும்போதே ஆட்டுக்குட்டியின் காதைக் கவ்விப் பார்க்கிற குட்டியை மேய்ப்பர் வைத்துக்கொள்ளமாட்டார். தைமஸிலும் அப்படித்தான். ஒவ்வொரு டி செல்லும் வெவ்வேறு வடிவத்துக்கான பிடிப்பானோடு, குருட்டாம்போக்கில் உருவாகி வருகிறது. உடம்பின் சொந்தப் புரதங்களை அதன் முன் காட்டுகிறார்கள். எதையுமே பிடிக்கத் தெரியாத செல் செத்துப்போகிறது. சொந்தப் புரதத்தை இறுக்கிப் பிடிக்கிற செல்லும் அங்கேயே அழிக்கப்படுகிறது. உள்ளே வரும் நூறில் 95 க்கும் மேல் வெளியே வருவதில்லை. எந்த மேய்ப்பரும் இவ்வளவு கறாராகக் குட்டி பொறுக்கியதில்லை.

ஆனால் பட்டியில் இல்லாத ஆட்டின் வாசனை குட்டிக்கு எப்படித் தெரியும்? கணையம் வயிற்றில் இருக்கிறது, தைமஸ் நெஞ்சில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நான் வியந்துபோனேன். தைமஸுக்குள் இருக்கும் சில செல்கள் கணையம், தைராய்டு, கண் என்று தூரத்து உறுப்புகளின் புரதங்களைத் துளித்துளியாகத் தாங்களே உண்டாக்கிக் காட்டுகின்றன. இன்சுலினையும்கூட. இதை நடத்துகிற மரபணுவின் பெயர் ஏர் (AIRE). 1997 இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரே நேரத்தில் பல சுரப்பிகள் தாக்கப்படுகின்றன.

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னியுங்கள். 1922 ஜனவரியில் டொரொண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்திய இன்சுலின், மாட்டுக் கணையத்திலிருந்து பிழிந்தது. அதற்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் சில மாதமோ ஓரிரு வருடமோதான் உயிரோடு இருந்தார்கள். மாட்டு இன்சுலினில் அமினோ அமிலம் என்ற கண்ணிகள் 51, மனித இன்சுலினிலும் 51. மூன்று மட்டும்தான் வேறு. பல ஆண்டுகள் உலகத்துக் குழந்தைகளை மாடும் பன்றியும் காப்பாற்றின. உங்கள் கொட்டகையில் இருக்கும் இரண்டையும் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


கல்குவாரி மகன் எழுதுகிறார்:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம் வந்தது. பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை பார்த்தார். ஒரு நாள் உளி அடிக்கும்போது சில் தெறித்து இடது கண்ணைத் துளைத்துவிட்டது. பார்வை திரும்ப வழியில்லை என்று தெரிந்ததும் மருத்துவர் அந்தக் கண்ணையே எடுத்துவிட வேண்டும் என்றார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "எடுக்காவிட்டால் நல்ல கண்ணும் போகக்கூடும்" என்று சொன்னபோது எங்களில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. அடிபடாத கண் ஏன் போகும்?

அவர் விளக்கினார். கண்ணின் உட்புறம் காவல் அணுக்கள் சுலபமாக நுழையாத இடம். அங்கேயுள்ள சில பொருட்களை அவை சரியாகப் பார்த்துப் பழகியதே இல்லை. காயம் பட்டுத் திறந்துவிட்டால் அவற்றை அந்நியமாக எடுத்துக்கொண்டு, அதே பொருள் இருக்கும் மறு கண்ணையும் தாக்கப் போய்விடும். சில வாரத்திலும் நடக்கலாம், வருடங்கள் கழித்தும் நடக்கலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்தால் இரண்டும் போகும். பத்தாவது நாள் கண்ணை எடுத்தார்கள். வலது கண்ணோடு அப்பா இன்றும் பத்திரிகை படிக்கிறார்.

ஆக, பழக்கிக்கொடுப்பது ஒரு வழி, எட்டவிடாமல் ஒளித்துவைப்பது இன்னொரு வழி என்று நான் புரிந்துகொண்டேன். தவறென்றால் திருத்துங்கள்.


ஆய்வகப் பணியாளர், தருமபுரி எழுதுகிறார்:

தம்பி, சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

அக்கா, நீங்கள் கேட்டதில் ஒன்றுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்பது வருடம் விட்டுவைத்து இந்த வருடம் ஏன் என்று கேட்டீர்கள். விட்டுவைக்கவில்லை அக்கா. பெரும்பாலான குழந்தைகளில் இந்தத் தாக்குதல் அறிகுறி தெரிவதற்குப் பல மாதம், பல வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. கணையச் செல்களுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் இரத்தத்தில் முன்கூட்டியே தென்படும். சர்க்கரை மட்டும் சரியாக இருக்கும். செல்களில் பெரும்பகுதி போனபிறகுதான் தாகமும் எறும்பும் வரும். எனவே சித்திரையில் அவள் தின்ற மாம்பழம் கணக்கிலேயே வராது. உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ஆத்திரப்படாமல் சொல்லுங்கள். அவருக்கும் பேத்தி மேல் உள்ள தவிப்புதான் அது.

ஐயா சொன்ன தைமஸ் பாடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. தைமஸில் இன்சுலினை எவ்வளவு காட்டுவது என்பது எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. இன்சுலின் மரபணுவுக்கு முன்னால் இருக்கும் ஒரு பகுதி ஆளுக்கு ஆள் நீளம் மாறும். ஒரு வகை உள்ளவர்களின் தைமஸில் இன்சுலின் அதிகம் உண்டாகிறது, அவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு. மற்ற வகையில் குறைவாக உண்டாகிறது, வாய்ப்பு கூடுகிறது. இது பல காரணங்களில் ஒன்று, அவ்வளவே. ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் சகஜம். வைரஸ் தொற்று ஏதாவது தூண்டியிருக்குமா என்று ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

எவ்வளவு கறாராகப் பொறுக்கினாலும் சொந்த உடம்பைப் பிடிக்கக்கூடிய செல்கள் கொஞ்சம் தப்பி வெளியே வந்துவிடும். உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். அவை ஒரு புரதத்தைக் கண்டாலே பாய்ந்துவிட முடியாது. ஆபத்து இருக்கிறது என்று இன்னொரு செல் இரண்டாவது சைகை கொடுக்க வேண்டும். அது வராவிட்டால் செயலிழந்து ஓய்ந்துவிடும். அதற்கும் மேலே, மற்ற டி செல்களை அடக்குவதற்கென்றே ஒரு வகை டி செல் உண்டு. பட்டியில் இளநாய்கள் துள்ளும்போது உறுமி அடக்குகிற கிழநாய் போல என்று ஐயா வழியிலேயே சொல்லலாம். ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995 இல் இந்தச் செல்லை அடையாளம் காட்டினார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே அன்று பலர் நம்பவில்லை. அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும், பிறவியிலேயே தோல் செதில் செதிலாக உரிந்து சில வாரத்தில் செத்துப்போகும் ஓர் எலி வகையை எடுத்துக்கொண்டு, பழுதான மரபணுவைத் தேடி 2001 இல் பிடித்தார்கள். பெயர் ஃபாக்ஸ்பி3. அடக்கும் செல் உருவாக அதுதான் தேவை என்று பிறகு தெரிந்தது. அது பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, தீராத வயிற்றுப்போக்கு, தோல் நோய் எல்லாம் சேர்ந்து வருகின்றன. மூவருக்கும் 2025 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அடக்கும் செல்களைப் பெருக்கிக் கொடுத்து இத்தகைய நோய்களை நிறுத்த முடியுமா என்று இப்போது சோதிக்கிறார்கள். உங்கள் மகளின் வாழ்நாளில் ஏதோ ஒன்று வரும் என்று நான் மனதார நம்புகிறேன், ஆனால் இன்று அவளுக்கு உயிர் இன்சுலின்தான்.

வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மேற்கு நாடுகளின் கணக்கில் உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூறில் ஐந்து போல. அதாவது வராமல் இருக்கும் வாய்ப்புதான் மிக அதிகம். தாகமோ, இரவில் அடிக்கடி சிறுநீரோ கண்டால் அன்றைக்கே விரல் குத்திப் பாருங்கள்.


தென்பெண்ணைக் கரை எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுத முடியவில்லை.

பொடியை நிறுத்திவிட்டேன். மாந்தோப்பு அண்ணன் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். இடையில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். திரும்பி வந்து, "அந்த எறும்பை நானும் பார்த்தேன்" என்றார். இத்தனை நாள் அவர் அதை வைத்துக்கொண்டுதான் பேசாமல் இருந்திருக்கிறார்.

மாமியாரிடம் தைமஸ், மரபணு என்று நான் ஆரம்பித்தது எடுபடவில்லை. இரட்டைக் கிடேரி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பிறந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்ததாம், மலடு என்று சந்தையில் தள்ளிவிட்டார்களாம். அது எதனால் என்று எழுபது வயதில் இன்றுதான் தெரிகிறது என்றார். அதன் பிறகு நாய்க்குட்டிக் கதையை முழுதாகக் கேட்டார். மாம்பழப் பேச்சு அதன்பின் வரவில்லை.

நேற்றுப் பரிசோதனைக்குப் போயிருந்தோம். 9 யூனிட் 12 ஆகிவிட்டது. முன்பே இங்கே படித்திருந்ததால் நான் பதறவில்லை. மகளிடம் பட்டி நாய் கதையைச் சொன்னேன். "கடிக்கிற குட்டியை என்ன செய்வார்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். அவளே, "என்னுடைய நாய்க்கு யாரும் எங்கள் ஆட்டைச் சரியாகக் காட்டவில்லை போல" என்று சொல்லிவிட்டு, வயிற்றில் தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளி இடம் பார்த்து, முதல் முறையாகத் தானே ஊசி போட்டுக்கொண்டாள். நான் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணினேன். பத்து ஆன பிறகுதான் ஊசியை எடுத்தாள்.

அந்தப் பாவாடையின் மடிப்பை இன்று பிரித்துவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது.